முட்டைக்குத் தரைத்தளம், புழுவுக்கு முதல் மாடி

என் மனைவி மாணவர் விடுதி ஒன்றின் சமையல்கட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வாழ்நாளில் அவள் நறுக்கிய கத்தரிக்காய்களை வரிசையாக அடுக்கினால் நிலாவுக்குப் போய், அங்கே சற்று இளைப்பாறிவிட்டு, வேறு வழியாகத் திரும்பி வரலாம். ஆனால் அதில் ஒன்றுகூட அவள் வளர்த்ததில்லை. எல்லாம் மூட்டையில் வந்தவை, பாதி சொத்தை. ஆகவே வேலையை விட்டு வந்ததும் அவளுக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது.

"நான் தண்ணி ஊத்தின செடியில ஒரு கத்தரிக்காய். ஒண்ணே ஒண்ணு. அத என் கையால வதக்கி நானே தின்னணும். அதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேக்கறேன்."

கடைசி வாக்கியத்தைக் கேட்டதும் நான் சட்டையை மாட்டிக்கொண்டு நாற்று வாங்கக் கிளம்பிவிட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படியொரு வாக்குறுதி எனக்குக் கிடைத்ததில்லை.

பழைய பெயின்ட் வாளியின் அடியில் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, நாற்றை நட்டு, மொட்டைமாடியில் வெயில் விழும் மூலையாகப் பார்த்து வைத்தோம். செடி நன்றாகவே வந்தது. அவள் காலையில் எழுந்தால் பல்கூடத் தேய்க்காமல் மாடிக்கு ஓடுவாள். பிள்ளை பெற்றபோதுகூட இவ்வளவு முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. இதை அவளிடம் சொன்னபோது, "பிள்ளை ராத்திரி பூரா அழுதுச்சு. இது அழல" என்றாள்.

ஒருநாள் மேலேயிருந்து குரல் வந்தது.

"என்னங்க, இங்க வாங்க. விருந்தாளி வந்திருக்கு."

போய்ப் பார்த்தேன். இலையில் ஓர் ஓட்டை. ஓட்டையின் விளிம்பில் ஒரு பச்சைப்புழு, பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்தவனைப்போல நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அடுத்த இலையில் அதன் உறவுக்காரர்கள். என் மனைவி கட்டைவிரலையும் ஆள்காட்டிவிரலையும் குவித்துக்கொண்டு குனிந்தாள்.

"நிறுத்து!" என்று கத்தினேன்.

நான் தபால் நிலையத்தில் முத்திரை குத்திக் காலம் தள்ளியவன். எதையும் முறைப்படி செய்தால்தான் எனக்குச் சோறு இறங்கும். எங்கள் மாடிப்படியில் ஒரு பெரிய சுவரொட்டி ஒட்டியிருந்தது: 'பூச்சியைக் கண்டால் நீங்களே தொடாதீர்கள்! தெரிவியுங்கள்! வீட்டுத்தோட்டப் பூச்சி நிவாரண வாரியம் உங்கள் வேர்களோடு!' இவ்வளவு அன்பாக ஒரு வாரியம் கூப்பிடும்போது விரலால் நசுக்குவது நாகரிகமா?

"ரெண்டு விரல் வேலைங்க இது" என்றாள்.

"இன்னிக்கு நசுக்குவ. நாளைக்கு மறுபடி வரும். வாரியம்னா வேரோட தீர்த்து வைப்பாங்க."

"வேரோடவா?" என்று அவள் செடியைப் பார்த்தாள். எனக்கு அப்போது புரியவில்லை.

வாரியத்தின் கட்டடம் கம்பீரமாக இருந்தது. வாசலில் இருபுறமும் செடிகள். தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக். "நிஜச்செடி வெச்சா பூச்சி வருதுங்க" என்றார் காவலாளி. உள்ளே வரவேற்பில் இருந்த பெண்மணி தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"என்ன பிரச்சினை?"

"கத்தரிச்செடியில பூச்சி."

"பூச்சின்னா எப்படி? பறக்குதா, ஊருதா, தூங்குதா, இல்ல இன்னும் பொறக்கவே இல்லையா?"

"ஊருதுங்க."

"அப்ப அது புழு. முதல் மாடி. பூச்சின்னு வெளிய சொல்லிடாதீங்க சார், மூணாவது மாடிக்காரங்க காதுல விழுந்தா அவங்க விஷயத்துல தலையிட்டதா ஆயிரும்."

பிறகுதான் கட்டடத்தின் அமைப்பு புரிந்தது. தரைத்தளத்தில் முட்டைப் பிரிவு. முதல் மாடியில் புழுப் பிரிவு. இரண்டாவது மாடியில் கூட்டுப்புழுப் பிரிவு. மூன்றாவது மாடியில் பறக்கும் பூச்சிப் பிரிவு. எல்லாவற்றுக்கும் மேலே தலைவர். ஒரு மாடிக்காரர் இன்னொரு மாடிக்காரரோடு பேசுவதில்லை. ஒரே பூச்சியால் பிழைக்கும் நான்கு குடும்பங்கள். பங்காளிச் சண்டை இல்லாமல் இருக்குமா?

புழுப் பிரிவில் என் புகாரை வாங்கி, என் கண்ணெதிரே முத்திரை குத்தினார்கள். அரைகுறையாகத்தான் குத்தினார்கள், இருந்தாலும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த உணர்ச்சியில் அதிகாரி படித்துக் காட்டியதைச் சரியாகக் கவனிக்கவில்லை.

"இதோ பாருங்க சார், புகார் நிலுவையில இருக்கற வரைக்கும் சம்பந்தப்பட்ட புழுவ யாரும் தொடக் கூடாது, கொல்லக் கூடாது, இடம் மாத்தக் கூடாது. அதுதான் சான்று. சான்றக் கலைச்சா நடவடிக்கை உங்க மேல."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். என் மனைவி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"புழுவ எடுக்கணும்னு புகார் குடுத்தீங்க. இப்ப புகார் குடுத்ததால புழுவ எடுக்கக் கூடாதா?"

"முடிவு வர்ற வரைக்கும்தான்."

"இது புழுவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாமலே இந்த வேகத்துல தின்னுது. தெரிஞ்சா பக்கத்து வீட்டுப் புழுவுக்கெல்லாம் சொல்லி அனுப்பும்."

புழு ஆய்வாளர் ஒருவழியாக வந்தார். ஒல்லியான, சாதுவான மனிதர்; என் மனைவி அவருக்கு அன்றே 'புழுத்தம்பி' என்று பெயர் வைத்துவிட்டாள். பெட்டியைத் திறந்து, ஊசிமுனைத் தூரிகையை எடுத்து, வெள்ளைப் பெயின்டில் தோய்த்து, ஒவ்வொரு புழுவின் முதுகிலும் எண் போட ஆரம்பித்தார்.

"அசையாதடா கண்ணு... முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சு" என்று அதனிடம் கொஞ்சினார்.

"நல்லாத் தூங்கினியான்னு கேளு தம்பி" என்றாள் என் மனைவி. "கறிவேப்பிலை ஏதாவது வேணுமான்னும் கேட்டுக்கோ."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. செடியைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டிவிட்டு, "ஒழிப்பு ஆணை சீக்கிரம் வந்துரும்மா, அதுவரைக்கும் புழுவுக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த வாக்கியத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். யோசிக்க யோசிக்க மரியாதை கூடுகிறது.

புழுக்கள் எண்ணோடு உலவின. பதிவு பெற்ற தெம்பில் உடம்பும் வைத்தன. இலைகள் சல்லடையாயின. என் மனைவி மாடிக்குப் போவதும், விரல்களைக் குவிப்பதும், என்னைத் திட்டிக்கொண்டே இறங்கி வருவதுமாக இருந்தாள். ஒருவழியாக ஒழிப்பு ஆணை வந்தது. அருமையான ஆணை, தடித்த தாளில் அழுத்தமான முத்திரை. புழுத்தம்பி கையுறை மாட்டிக்கொண்டு செடியருகே போனவர் அப்படியே நின்றுவிட்டார்.

"சார்... புழு எங்க?"

இலைகளுக்கடியில் பழுப்பாய், சின்னச் சின்னக் கூடுகள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"அதேதான் தம்பி, போர்வை போத்திப் படுத்திருக்கு. நசுக்கிருங்க" என்றாள் என் மனைவி ஆசையோடு.

"ஐயோ, அது கூட்டுப்புழும்மா! எனக்கு அதுமேல அதிகாரம் இல்ல. இரண்டாவது மாடிக்குப் போகணும்."

இரண்டாவது மாடியிலிருந்து வந்த அதிகாரிக்குக் கொட்டாவி ஓயவே இல்லை. கூட்டைப் பூதக்கண்ணாடியால் பார்த்துவிட்டு, "உள்ள இருக்கறது என்ன பூச்சின்னு அது வெளிய வந்தாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்" என்றார். "வெளிய வந்தா?" என்றேன். "வெளிய வந்தா அது எங்க பிரிவு இல்ல." இதைச் சொல்லிவிட்டு எங்கள் மடக்கு நாற்காலியை நிழலில் போட்டுக்கொண்டு காத்திருக்கத் தொடங்கினார். அவருடைய பிரிவின் பணியே அதுதான். என் மனைவி போட்ட தேநீரைக் குடித்துவிட்டு அவர் தூங்கிய தூக்கத்தில், கூட்டுக்குள் இருந்தது விழித்துக்கொண்டு, சிறகை உலர்த்திக்கொண்டு, அவர் மூக்கின்மேல் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

மூன்றாவது மாடிக்காரர்கள் வலையோடு ஓடி வந்தார்கள். மொட்டைமாடியில் சிறிது நேரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு எனக்குக் கைகொடுத்தார்கள்.

"வாழ்த்துகள் சார். பூச்சி போயிருச்சு. உங்க புகார் முழுசாத் தீர்ந்தது."

"போறப்ப முட்டை போட்டுட்டுப் போயிருக்கே" என்று இலையைத் திருப்பிக் காட்டினாள் என் மனைவி.

"அது தரைத்தளம்மா."

தரைத்தளத்தில் இருந்தவர் தத்துவவாதி. "முட்டை இலையத் தின்னுதா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல" என்றேன். "தின்னாத ஒண்ண எப்படி சார் நாம குத்தவாளி ஆக்க முடியும்? அது நாளைக்குத் திருந்தி வாழலாம் இல்லையா?" இதற்குப் பதில் சொல்ல எனக்குப் படிப்பு போதவில்லை. முட்டைகள் திருந்தவில்லை. எல்லாம் பொரிந்தன. நான் மறுபடி முதல் மாடிக்குப் போனேன். புழுத்தம்பி இந்த முறை இரண்டு டப்பா பெயின்ட் கொண்டுவந்தார்.

இப்படிச் சுற்றிச் சுற்றி வந்தோம். ஆணை புழுவைத் துரத்தியது. புழு கூடாகித் தப்பியது. கூட்டுக்கு ஆணை வந்தபோது அது சிறகடித்தது. வாரியம் எப்போதும் ஒரு பிறவி பின்தங்கியே இருந்தது.

இந்த அமளிக்கு நடுவில்தான், எலும்புக்கூடாய் நின்ற அந்தச் செடி ஓர் ஊதாப் பூவை விட்டது. அது பிஞ்சாயிற்று. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கத்தரிப்பிஞ்சு! என் மனைவி அதைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் கீழே வந்தாள். சண்டை போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"என்னங்க" என்றாள். "புழு இன்னும் ரெண்டு கிளை தள்ளித்தான் இருக்கு. அந்தப் பிஞ்சுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் உங்களுக்குச் சமைக்கவே மாட்டேன். விதிப்படி."

அன்றே வாரியத்துக்கு ஓடினேன். அங்கே ஏகப்பட்ட உற்சாகம். என்னைப் பார்த்ததும் நான்கு மாடிக்காரர்களும் எழுந்து நின்றார்கள். வாரியத்தின் ஆண்டு விழாவை எங்கள் மொட்டைமாடியில் நடத்த முடிவாகியிருந்தது! நகரத்திலேயே முட்டை, புழு, கூடு, பூச்சி நான்கும் ஒரே நேரத்தில் வாழும் ஒரே செடி எங்களுடையதுதானாம். மற்றவர்களின் செடிகள் பாதிக் கோப்பிலேயே செத்துவிட்டன. எங்கள் வாளிக்கு 'முன்மாதிரித் தோட்டம்' என்று பலகை மாட்டினார்கள்.

விழாவன்று தலைவர் எங்கள் மாடிக்கு வந்தார். பெரிய உடம்பு, பெரிய குரல். செடிக்கு மாலை போட எடுத்தார்கள். கனம் தாங்காது என்பதால் வாளிக்குப் போட்டார்கள். நாற்காலிகள் நிரம்பின. தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"பெரியோர்களே! நான் பொறுப்பேற்ற காலத்தில் இந்த நகரத்தில் எத்தனை பூச்சிகள் உள்ளன என்றுகூட யாருக்கும் தெரியாது. அவை அநாதைகளாகத் திரிந்தன. யாரோ வந்து நசுக்கினார்கள், யாரும் கேட்கவில்லை. இன்று நிலைமை என்ன? ஒவ்வொரு புழுவுக்கும் ஓர் எண் இருக்கிறது! பூச்சிகள் பல மடங்கு பெருகியிருக்கின்றன என்றால், அதற்கு எங்கள் கணக்கெடுப்பின் துல்லியமே காரணம்!"

கைதட்டல். புழுத்தம்பி முன்வரிசைப் புழுக்களுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார்.

"செடிகள் குறைந்துவிட்டன என்று சிலர் குறை சொல்கிறார்கள். நான் பணிவோடு கேட்கிறேன்: எங்கள் வாரியத்தின் பெயரில் செடி என்ற சொல் எங்காவது இருக்கிறதா? பூச்சி இருக்கிறது. நிவாரணம் இருக்கிறது. பூச்சிகளுக்கு நாங்கள் நிவாரணம் அளிக்கிறோம்! பூச்சிகளை ஒரேயடியாக ஒழித்துவிட்டால் நாளை காலை அலுவலகத்துக்கு வந்து நாங்கள் எதை ஒழிப்பது? பொறுப்புள்ள ஒரு வாரியம் அப்படிச் செய்யுமா?"

"செய்யாது!" என்றன நான்கு மாடிகளும்.

"இந்த நன்னாளில் புதிய திட்டம் ஒன்றை அறிவிக்கிறேன். இயற்கை எதிரிகள் திட்டம்! பூச்சியைப் பார்த்தவுடன் அதைத் தின்னவோ கொல்லவோ தோன்றுகிற உயிர் எதுவாயினும், அதன் இயல்புக்கு வாரியம் குறுக்கே நிற்காது. அதைப் பதிவு செய்து, சான்றிதழ் அளித்து, செயல்பட விடும்!"

கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. என் மனைவியின் கை.

"ஐயா, எனக்குத் தோணுதுங்க."

தலைவர் குழம்பினார். "என்ன தோன்றுகிறது அம்மா?"

"பாத்த முதல் நாள்லருந்து நசுக்கணும்னு தோணுது. தூக்கத்துலகூடத் தோணுது. இவரக் கேளுங்க, போர்வையக் கிள்ளி வெச்சிருக்கேன்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "உண்மைதான்" என்றேன். "சில சமயம் போர்வை இல்லாம என்னையும் கிள்ளியிருக்கா."

அதிகாரிகள் கூடிக் கிசுகிசுத்தார்கள். பட்டியலைப் புரட்டினார்கள். சிலந்தி இருந்தது, ஓணான் இருந்தது, தவளை இருந்தது, பல்லி இருந்தது. மனைவி இல்லை. ஆனால் கூடாது என்றும் இல்லை. தலைவர் ஒலிபெருக்கியில் சொன்ன சொல்லை ஒலிபெருக்கியிலேயே விழுங்க முடியாதல்லவா? செயல்விளக்கம் கேட்டார்கள். என் மனைவி எழுந்து போனாள். நாடாவைத் தாண்டினாள். குவித்த விரல்களை இறக்கினாள். அவள் முகத்தில் அப்போது வந்த நிம்மதியை ஓவியன் எவனாவது வரைந்திருக்க வேண்டும். தவளைக்கும் பல்லிக்கும் நடுவில் அவள் பெயரைச் சேர்த்துச் சான்றிதழ் கொடுத்தார்கள்.

விழாவுக்கு வந்தவர்கள் படியிறங்கி முடிப்பதற்குள் செடி சுத்தமாகிவிட்டது. முட்டை, புழு, கூடு எதையும் அவள் மாடி பிரித்துப் பார்க்கவில்லை.

பிஞ்சு காயாயிற்று. பளபளவென்று, ஊதாவாய், என் முகம் அதில் தெரியும் அளவுக்கு. ஒருநாள் காலை அவள் அதைக் குழந்தையைத் தூக்குவதுபோலப் பறித்து வந்து, அடுப்பைப் பற்றவைத்தாள். எண்ணெயில் அது சத்தமிட ஆரம்பித்த நேரத்தில் வாசலில் வண்டிச் சத்தம்.

கம்பிவலை அடித்த வண்டி. உள்ளே எண் போட்ட தவளைகள், ஓணான்கள், பாட்டில்களில் சிலந்திகள். புழுத்தம்பி தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"அம்மா, கிளம்பலாங்களா? இங்க பூச்சி தீர்ந்திருச்சு. பூச்சி இல்லாத எடத்துல எதிரிய வெச்சிருந்தா பட்டினி கிடக்கும்னு விதி. நகரத்துக்கு அந்தக் கோடியில ஒரு முட்டைக்கோசுத் தோட்டம், நிலைமை ரொம்ப மோசம். உங்களுக்குச் சன்னல் ஓரம் ஒதுக்கியிருக்கோம், தவளைக்குப் பக்கத்துல."

"எப்ப திரும்பி வருவா?" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "எதிரியக் கொண்டுபோய் விடறதுக்கு விதி இருக்கு சார். திருப்பிக் கூட்டிட்டு வர்றதுக்கு இல்ல. முன்னாடி அனுப்பின தவளை இன்னும் அங்கதான் இருக்கு. குடும்பம் குட்டின்னு ஆயிருச்சு."

நான் வாசலை மறித்து உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி மட்டும் அசையவில்லை. கரண்டியால் காயைப் புரட்டினாள்.

"இரு தம்பி. இதத் தின்னுட்டு வந்துடறேன்."

"என்னம்மா அது?"

"கத்தரிக்காய். நம்ம செடியில காய்ச்சது."

புழுத்தம்பி அலறிவிட்டார். "வேணாம்மா! தின்னுடாதீங்க! பதிவு பெற்ற செடியோட காயத் தின்ற உயிர் விதிப்படி எதிரி இல்ல, அது... அது பூச்சி! பட்டியல்ல உங்க பேர அடிச்சிருவாங்க!"

கரண்டி நின்றது.

"பூச்சின்னா என்னை வண்டியில ஏத்துவியா?"

"எப்படிம்மா ஏத்தறது? புகார் நிலுவையில இருக்கற பூச்சிய இடம் மாத்தவே கூடாதே."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் எனக்கு உடனே விளங்கியது. எங்கள் தாம்பத்தியத்தில் அப்படி நடப்பது அபூர்வம். நான் எழுந்து பேனாவைத் தேடினேன்.

அவள் தட்டில் போட்டுக்கொண்டு தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தாள். ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்துக் கண்ணை மூடினாள். நானும் புழுத்தம்பியும் மூச்சுவிடாமல் நின்றோம்.

"எப்படி இருக்கு?"

"பேசாம இருங்க. உப்பு ஒரு கல்லு தூக்கல். அதுவும் நல்லாத்தான் இருக்கு."

நான் எழுதினேன்: 'எங்கள் செடியின் காயைத் தின்னும் உயிர் ஒன்று வீட்டில் காணப்படுகிறது. தக்க நடவடிக்கை எடுக்கவும்.' புழுத்தம்பி அதை வாங்கிப் படித்து, வழக்கமான கேள்விகளைக் கேட்டார்.

"பறக்குதா, ஊருதா?"

"ரெண்டும் இல்ல. ஆனா நான் சொல்ற எடத்துல நிக்காது."

"எவ்வளவு காலமா இருக்கு?"

"கல்யாணத்துலருந்து."

"முடிவு வர்றதுக்கு ரொம்ப நாள் ஆகும் சார்."

"ஆகட்டும். அதுவரைக்கும் அதுக்கு ஒண்ணும் ஆகாமப் பாத்துக்கறேன்."

அவர் தூரிகையை எடுத்தார். என் மனைவி, "நெத்தியில வேணாம் தம்பி, கையில போடு" என்று இடது கையை நீட்டினாள். வலது கை வேலையாக இருந்தது. எண் போட்டு முடித்தும் அவர் கிளம்பவில்லை. வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார். அதில் இன்னும் ஒரு துண்டு இருந்தது.

"என்ன தம்பி?"

"நாளையிலருந்து என்னை மூணாவது மாடிக்கு மாத்தியிருக்காங்கம்மா. வலையத் தூக்கிக்கிட்டு மொட்டைமாடி மொட்டைமாடியா ஓடணும். எனக்கு உயரத்துல நின்னா தலை சுத்தும்." தட்டை மறுபடி பார்த்து எச்சில் விழுங்கினார். "நிலுவையில இருக்கற பூச்சிய எங்கயும் மாத்தக் கூடாது... இல்லம்மா?"

என் மனைவி தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, அந்தத் துண்டை லபக்கென்று வாயில் போட்டுக்கொண்டார்.

பேனாவை நான் இன்னும் மூடியிருக்கவில்லை.